பாத்திரத்தின் அடியில் கிடந்த தத்துவம்

கல்லூரியில் நான் எடுத்துப் படித்தது தத்துவம். கணக்கு எனக்கு வராது, ரசாயனம் நாறும். நாற்றமில்லாத பாடம் இது ஒன்றுதான் என்று நம்பிச் சேர்ந்தேன். அந்த நம்பிக்கை எவ்வளவு தப்பு என்பது பிறகு மதுரையில் எங்கள் கிறிஸ்தவச் சபையில்தான் தெரிந்தது.

பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற வேலை கொடுத்தார்கள். படத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று பையன்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பாடத்தை ஆரம்பிக்கிற வாத்தியார் நான். இப்படிப்பட்டவனுக்குச் சபைக்குள் மட்டும் பெரிய மதிப்பு. காரணம், அந்தக் காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், சாயங்காலமானால் வைகை மணலில் மேடை போட்டு, கடவுள் இருந்தால் காட்டு பார்ப்போம் என்று பேசுகிறவர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் சபைப் பிள்ளைகள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாமார்களைக் கேள்வி கேட்டார்கள். ஜெபமும் கீர்த்தனையும் போதும் என்றிருந்த பெரியவர்களுக்குத் திடீரென்று தத்துவம் தேவைப்பட்டது, மழை வந்ததும் குடை தேடுகிற மாதிரி.

சபையின் தலைமை மூப்பர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர்தான் தன் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலங்களில் விசாரணைக் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதில் நான் கிட்டத்தட்ட ஆஸ்தான வித்வான்.

"நம்ம தம்பி, கடவுள் இருக்காருன்னு அஞ்சு விதமா நிரூபிப்பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஐந்தாவது விதம் எனக்கு எப்போதும் மறந்துபோகும். நாலாவதையே கொஞ்சம் மெதுவாக, கையை ஆட்டி இன்னொரு தடவை சொல்லிவிடுவேன். ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அவர்களுக்கு நிரூபணம் தேவைப்படவில்லை; நிரூபிக்க ஒரு ஆள் நம் பக்கம் இருக்கிறான் என்ற தைரியம்தான் தேவைப்பட்டது.

இனி அருவருப்பான சங்கதிக்கு வருகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வரலாம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கோயிலில், இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் ரசமும் பகிர்கிற இராப்போஜனம் நடக்கும். பட்டப்பகலில் நடப்பதற்கு ஏன் இந்தப் பெயர் என்று சிறுவயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். உலர்ந்த திராட்சையைக் காய்ச்சிப் பிழிந்த ரசம். எல்லோருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரம். போதகர் முதலில் ஒரு வாய் குடிப்பார். அடுத்து மூப்பர்கள். அடுத்து முன் பெஞ்சுக்காரர்கள், அதாவது மேற்கே உள்ள ஊர்களிலிருந்து வந்து மதுரையில் வேரூன்றிவிட்ட, நிலபுலம் உள்ள சம்சாரிக் குடும்பங்கள். எல்லோருக்கும் கடைசியில், பின்னால் பாயில் உட்கார்கிற சேரிக் குடும்பங்கள். இப்படித்தான் வரவேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. சபையில் சாதி இல்லை என்பதுதான் சட்டம். இது வெறும் வழக்கம். நானும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. மூன்றாவது பெஞ்சில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

மூப்பருக்குச் சோழவந்தான் வெற்றிலை என்றால் உயிர். கோயிலுக்குள் நுழையும்போது துப்பிவிட்டுத்தான் வருவார். ஆனால் துப்பினால் காலியாகிற வாயா அது? போதாததற்கு மீசை. பாத்திரத்தைச் சாய்த்தால் முதலில் மீசை குளிக்கும், பிறகுதான் அவர் குடிப்பார். அவர் கையிலிருந்து நகர்ந்து வருகிற பாத்திரத்தின் விளிம்பு செம்மண் பூசிய மாதிரி இருக்கும். ரசத்தின் மேல் பாக்குத் தூள் அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் குடிப்பேன். உங்கள் வீட்டுக்காரருக்கு எவ்வளவு பக்தி என்று மற்றப் பெண்கள் என் மனைவியிடம் புகழ்ந்திருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை துணிந்து கேட்டேன்.

"ஐயா, ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கினா என்ன? கிருமி கிருமின்னு டாக்டர்மாரு சொல்றாங்களே."

மூப்பர் வெற்றிலையைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "தம்பி, எந்தப் பொருளுக்கும் சாரம்னு ஒண்ணு இருக்கு, மேற்பூச்சுன்னு ஒண்ணு இருக்கு. நீ படிச்சவன், ஒனக்குத் தெரியும். விசுவாசி குடிக்கிறது சாரத்தை. மேல மிதக்கிறது மேற்பூச்சு. மேற்பூச்சைப் பாத்து மொகஞ் சுளிக்கிறவன் சாரத்தை நம்பலேன்னு அர்த்தம்."

"மேற்பூச்சு தொண்டையில ஒட்டிக்கிருதே ஐயா."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், வாய் முழுக்கச் சிவப்பு.

"அது மட்டுமில்ல. ஒரே பாத்திரம்னா ஒரே சரீரம். கிண்ணம் கிண்ணமாப் பிரிச்சா சபையோட ஒருமை போச்சு."

நான் தோற்றுப்போனேன். வாதத்தில் ஓட்டையே இல்லை. ஆனால் ஓட்டையில்லாத வாதம் வயிற்றைப் புரட்டாது என்று எந்தப் பேராசிரியரும் எனக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் பழைய போதகர் ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக வந்தவன் கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் தத்துவம் படித்தவன். மேலூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவன். அந்த ஐந்தாவது விதம் அவனுக்கு மறக்காது. பரீட்சையில் அதை எனக்குக் காட்டி எழுத வைத்ததே அவன்தான். விடுதியில் ஆரம்பித்த பழக்கத்தில் நாங்கள் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். வந்த முதல் நாள் கோயில் வாசலில் நான் அப்படிக் கூப்பிட்டது முன் பெஞ்சுக்காரர்கள் காதில் விழுந்து, அன்று முழுக்க என்னைக் காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்று அழைப்பதுதான் வழக்கம். இவன் வந்ததும் பலருக்கு அந்த வார்த்தையே மறந்துபோயிற்று. "புதுசா வந்திருக்கவரு" என்றார்கள்.

மேலிடம் அவனைத் தற்காலிகமாகத்தான் அனுப்பியிருந்தது. அவன் நடத்தும் முதல் இராப்போஜனம் முடிந்த கையோடு சபை கூடி, வைத்துக்கொள்கிறோமா அனுப்பிவிடுகிறோமா என்று கை தூக்க வேண்டும். இதற்கு முன் இரண்டு ஊர்களில் அவனை வேண்டாம் என்று அனுப்பியிருந்தார்கள். இங்கேயும் அனுப்பினால் பிரசங்கபீடம் அவ்வளவுதான். மாணவர் விடுதியில் அரிசி அளக்கிற வேலையில் போட்டுவிடுவார்கள்.

"அரிசி அளக்கிறது ஒண்ணும் கேவலமில்ல மாப்ள" என்றான் என்னிடம். "ஆனா அதுக்கா அம்புட்டுப் படிச்சேன்?"

"நான் பூகோளம் நடத்தலையாடா?"

"ஒன்னைய யாரும் வெரட்டலையே."

அவனுக்குச் சின்ன வயதிலிருந்து போதகராவதைத் தவிர வேறு ஆசையே கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தலைப்பு, விசுவாசத்தில் பகுத்தறிவின் இடம். வழக்கத்தைவிட ஆட்கள் அதிகம். தத்துவத்துக்காக ஒருநாளும் எட்டிப் பார்க்காத முன் பெஞ்சுக்காரர்கள்கூட வந்து சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூப்பர் பேசினார்.

"கடவுள் நமக்கு விசுவாசத்தக் குடுத்தாரு. சரி. மூளையையும் குடுத்தாரே, அது எதுக்கு? பகுத்தறிவு இல்லாத விசுவாசம் மூடத்தனம். இப்ப, கிருமின்னு ஒண்ணு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. ஆனா இருக்கு. கண்ணுக்குத் தெரியாததை ஒத்துக்கிறதுதானே விசுவாசமும்? ஆக, ரெண்டும் சேந்து நமக்கு என்ன சொல்லுது? ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணம்."

எனக்குக் கேட்டது நிஜந்தானா என்று காதைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"நம்ம தம்பி இதை எம்புட்டு நாளா சொல்லிக்கிட்டிருக்காரு. நாமதான் காது குடுத்துக் கேக்கல. தம்பியே பிரேரணையைக் கொண்டுவரட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வாதத்தில் ஜெயித்திருந்தேன். குமட்டிக்கொண்டு வந்தது.

"ஐயா, சாரம், மேற்பூச்சுன்னு சொன்னீங்களே?"

"சாரத்துக்கு ஒண்ணும் ஆகாது தம்பி. மேற்பூச்சு கிண்ணத்துக்குக் கிண்ணம் மாறலாம். மாறுறதுனாலதான் அதுக்கு மேற்பூச்சுன்னு பேரு."

"ஒரே பாத்திரம், ஒரே சரீரம்?"

"ஒரு சரீரத்துல உறுப்பு பல இல்லையா?"

அப்போது பின்னாலிருந்து ஒருவர், தத்துவப் பழக்கம் இல்லாதவர், பொறுக்கமாட்டாமல் வாயை விட்டுவிட்டார். "என்னத்துக்கு இம்புட்டுச் சுத்தி வளைக்கிறீங்க? அந்தாளு வாய் வச்சதுல நாம எப்படிங்க வாய் வைக்கிறது?"

மூப்பர் அவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "கிருமின்னு சொல்லுப்பா" என்றார்.

விசுவாசத்துக்குத் தத்துவம் அவசியமா என்று இன்றைக்கும் யாராவது என்னைக் கேட்டால், எனக்கு மூப்பர் சொன்ன அந்த மூன்று வார்த்தைதான் ஞாபகம் வரும்... பாருங்கள், அது இரண்டு வார்த்தை. எண்ணக்கூட வராதபடி இன்னும் எனக்கு ஆத்திரம். கடவுளை அறிய வழிகாட்டுகிற விளக்கு என்று சொல்லித்தான் தத்துவத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் சபையில் அது வக்கீலாக வேலை பார்த்தது. தீர்ப்பை முதலிலேயே வயிற்றுக்குள் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமான வாதத்தை அப்புறம் தேடினார்கள். பாத்திரம் நம் வாயிலிருந்து அடுத்தவன் வாய்க்குப் போகிறவரை அழுக்கு வெறும் மேற்பூச்சு. அடுத்தவன் வாயிலிருந்து நம் வாய்க்கு வரப்போகிறது என்றதும் அதுவே கிருமி.

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். கோமாளித்தனம்.

"ஐயா, எனக்கு இப்ப பழைய பாத்திரமே பழகிப்போச்சு. உங்க வெத்தல வாசம் இல்லாம ரசம் எறங்க மாட்டேங்குது. வேற யாராவது பிரேரணை கொண்டுவரட்டும்."

சிரித்தார்கள். பிரேரணையும் நின்றது. ஆனால் அது நின்றது என் பேச்சால் இல்லை. கிண்ணங்களைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், முதல் ஞாயிறுக்குள் வந்து சேராது என்று யாரோ கணக்குச் சொன்னதால் நின்றது. மூப்பர் யோசித்தார். வெற்றிலையை மென்றார். பிறகு சொன்னார்:

"அதுவரைக்கும் ஒரு வழி இருக்கு. சபைக்கு ஊழியம் செய்றவன் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதானே சாப்பிடணும்? அதுதானே தாழ்மை? புதுசா வந்திருக்கவரு கடைசியா குடிக்கட்டும்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடைசியாகக் குடிக்கிறவர் மிச்சத்தையெல்லாம் குடித்துத் தீர்க்க வேண்டும் என்பது எங்கள் முறை. ஊர் முழுக்க எச்சில் பட்டு, பாக்கும் மீசை மயிரும் ஊறிக்கிடக்கிற அந்த அடிக் கசடு என் நண்பனுக்கு. பெயர், தாழ்மை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவன் என் வீட்டுக்கு வந்தான். யாரோ அரைகுறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"கிண்ணம் கேட்டது நீதானாமே மாப்ள?"

"ஒனக்காக இல்லடா. மூப்பரு வாய்க்காக. அதுவும் நீ வர்றதுக்கு முன்னாடி."

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "நெசந்தான் ஐயரே. இவரு கோயில்ல கண்ண மூடுறது ஜெபம்னு ஊரே நம்பிக்கிட்டிருக்கு. எனக்கில்ல தெரியும், வாந்தியை அடக்குறாருன்னு."

மிச்சத்தையும் சொன்னேன். கடைசியாகக் குடிக்கச் சொன்னதைக் கேட்டதும் அவன் முகம் கறுத்துப்போயிற்று. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"ஊழியஞ் செய்றவன் கடைசியிலன்னு அவரே சொன்னாரா?"

"அவரேதான். எல்லாரும் கை தூக்கினாங்க."

"நல்ல வாதம்."

"என்னடா நல்ல வாதம்? நீ அந்தக் கசடைக் குடிக்கப்போறியா?"

"வாதம் சரின்னா அது எங்க கொண்டுபோய் விடுதோ அங்க போகணும் மாப்ள. பாதி வழியில எறங்கக் கூடாது."

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எச்சி எலையை வழிச்சுத் தின்னச் சொல்றானுக, இவரு வாதம் நல்லாருக்குங்கிறாரு. ரெண்டு பேரும் படிச்ச லெச்சணம் இதுதானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவனைக் கேட்டிருக்க வேண்டியதையும் சேர்த்து நான்தான் வாங்கிக்கொண்டேன். கணவன் என்ற முறையில் அது என் ஊழியம்.

முதல் ஞாயிறு வந்தது. கோயில் நிறைந்திருந்தது. வெள்ளை அங்கியில் அவன் மேஜைக்குப் பின்னால் நின்று, அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதித்தான். பாத்திரத்தை எடுக்கிற சமயம் சபையைப் பார்த்துப் பேசினான்.

"சில நாட்களுக்கு முன் சனிக்கிழமைக் கூட்டத்தில் நம் மூப்பர் ஐயா ஓர் அருமையான உண்மையை எடுத்துச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். சபைக்கு ஊழியம் செய்கிறவர்கள் கடைசியில் உண்பதே முறை. எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியே செய்வோம். நான் கடைசியில் குடிக்கிறேன். எனக்கு முன்னால் மூப்பர்கள். அவர்களுக்கு முன்னால் சபையில் ஏதாவது பொறுப்பு வகிக்கிற எல்லோரும். பொறுப்பு எதுவும் இல்லாதவர்கள் தயவுசெய்து முதலில் வாருங்கள்."

முன் பெஞ்சுகளில் ஒரு ஆள்கூட அசையவில்லை. கட்டடக் கமிட்டி, காணிக்கைக் கமிட்டி, பண்டிகைக் கமிட்டி, ஏலக் கமிட்டி என்று அங்கே பொறுப்பில்லாத ஆளே கிடையாது. ஓடு மாற்றுகிற கமிட்டிக்கு அடிதடியே நடந்திருக்கிறது. நான்கூட ஞாயிறு பள்ளி ஆசிரியன். பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் ஒரு பொறுப்பும் இல்லை. ஒருநாளும் ஒருவரும் கொடுத்ததில்லை.

அவர்களுக்கும் முதலில் விளங்கவில்லை. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்தாள். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். மறுபடி உட்காரப் போனாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் நடந்து வந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். பெஞ்சுகளுக்கு நடுவில் உள்ள வழியில், எங்களையெல்லாம் தாண்டி, வரிசையாக வந்தார்கள்.

பிறகு எங்கள் முறை. ஒருவருக்கு நெஞ்சு கரித்தது. ஒருவருக்குத் தலை சுற்றியது. அவனியாபுரத்திலிருந்து வண்டி கட்டி வருகிற ஒருவர் மாட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். அந்த மாடு அன்று வெகுநேரம் பார்க்கப்பட்டது. ஆனாலும் சிலர் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். வெட்கத்தில் வந்தார்களா, நம்பிக்கையில் வந்தார்களா, நான் விசாரிக்கவில்லை. நானும் போய்க் குடித்தேன். ரசம் தெளிந்திருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே குடித்தேன்.

பாத்திரம் மூப்பரிடம் போயிற்று. இரண்டு கையாலும் வாங்கினார். விளிம்பைப் பார்த்தார். உள்ளே பார்த்தார். கோயிலே அவரைப் பார்த்தது. சாரம், மேற்பூச்சு, ஒருமை, கிருமி, தாழ்மை என்று எதற்கும் வார்த்தை வைத்திருக்கிற அந்த வாய் அசையவில்லை. அருவருப்பு என்றால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பல வருஷம் நான் அதில் பயிற்சி எடுத்தவன். அவர் முகத்தில் இருந்தது நிஜமான அருவருப்பு. எந்த வாதத்தாலும் அதைத் தொட்டிருக்க முடியாது. அவர் படித்தது எதுவும் அந்த இடம்வரை போயிருக்கவில்லை.

"வயிறு சரியில்ல" என்று சொல்லிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அவன் வாங்கி, மிச்சத்தைக் குடித்து முடித்து, துணியால் துடைத்து வைத்தான்.

அதோடு அவர் தலை குனிந்து வீட்டுக்குப் போனார் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். போகவில்லை. அரை மணி நேரத்தில் சபைக் கூட்டத்துக்கு அவரே தலைமை தாங்கினார். புதிய போதகரின் ஆழ்ந்த சிந்தனையைப் பாராட்டினார். இப்படிப்பட்ட அறிவாளி நமக்குக் கிடைத்தது பாக்கியம் என்றார். ஒரே ஒரு சின்ன நிபந்தனை: சுகாதாரத்தை முன்னிட்டு அடுத்த மாதத்திலிருந்து கண்ணாடிக் கிண்ணங்கள். இரண்டையும் ஒரே பிரேரணையாகக் கட்டி வைத்தார். போதகர் வேண்டுமென்றால் கிண்ணமும் வேண்டும். கிண்ணம் வேண்டாமென்றால் போதகரும் வேண்டாம். பாயில் இருந்த கைகள் எல்லாம் உயர்ந்தன. முன் பெஞ்சிலும் பாதிக்கு மேல் உயர்ந்தன. என் கையும்தான். தூக்கிய கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

அங்கி மாற்றுகிற அறைக்குள் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ ஏண்டா இதுக்கு ஒத்துக்கிட்டே?"

"பின்ன? போய் அரிசி அளக்கச் சொல்றியா?" அங்கியை மடித்துக்கொண்டே சொன்னான். "கிண்ணம் வரட்டும் மாப்ள. அதை எடுத்து அவங்க கையில குடுக்கப்போறது நான்தானே. அதுக்கு என்ன தத்துவம் கண்டுபிடிக்கிறாங்கன்னு பாப்போம்."

"ஒனக்கு அருவருப்பா இல்லையா?"

"இருக்கு. பொறந்ததுலேருந்து இருக்கு. அதுக்காக வேலைய விட்டுட்டா ஆச்சா?" அங்கியைப் பெட்டியில் வைத்து மூடினான். "வர்ற சனிக்கிழமை என்னையப் பேசக் கூப்பிட்டிருக்காரு. தலைப்பு, விசுவாசிக்குத் தத்துவம் எதுக்கு."

"போகப்போறியா?"

"போவேன். அங்க வர்றவுங்களுக்கெல்லாம் காப்பி உண்டாமே? எனக்கு எந்தத் தம்ளர்ல வருதுன்னு பாத்துட்டு, அப்புறம் பேச்சை ஆரம்பிக்கிறேன்."